பதினாலு வயசு சைஸ்

அப்பாவுக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும். கனம் இருக்கக் கூடாது. மருந்து ஏற்றுவதற்காக அவருடைய கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு குழாயைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் சட்டைக் காலர் உரசினாலே முகம் சுளிக்கிறார். பறவை இறகு அடைத்ததும் ஆகாது. தலையணையிலிருந்து ஒரு இறகு எட்டிப் பார்த்தால் போதும், இருமல் தொடங்கிவிடும். அதோடு, இறகு நனைந்தால் கட்டி தட்டிப்போய்ச் சூட்டை விட்டுவிடுமாம். நாங்கள் போக வேண்டிய மலைக் கணவாயில் காற்றைவிட ஈர மூட்டம்தான் அதிகம். ஆகவே செயற்கை இழை அடைத்தது, நனைந்தாலும் கதகதப்பு குறையாதது, சுருட்டினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்குவது. காப்பீட்டு அலுவலகத்தில் எனக்குக் கிடைக்கும் மதிய இடைவேளையை எல்லாம் ஒரு வாரமாக இதற்கே கொடுத்தேன்.

தேடிய இடத்தில் எல்லாம் பாறை உச்சியில் நின்று பல்லைக் காட்டும் ஆட்கள். ‘உங்கள் அடுத்த சாகசத்துக்கு’ என்று கீழே எழுதியிருந்தது. என் அப்பாவின் அடுத்த சாகசம், வேனிலிருந்து இறங்கி ஒரு கூப்பிடு தூரம் நடப்பது. அதற்கு எது தோது என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை.

அப்பா லாரி ஓட்டினவர். சிமெண்ட் லோடு. மலைக்கு அந்தப் பக்கம் ஆலை, இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் கணவாய் ரோடு. வேலைக்குப் போன காலம் முழுக்க அதில்தான் ஏறி இறங்கினார். கணவாயின் உச்சியில் ரோட்டை விட்டு ஒரு ஒற்றையடிப் பாதை பிரிந்து, மலைமுகட்டின் மேலேயே போகும். கலர் கலராக உடை போட்டவர்கள் அதில் கைகோர்த்து நடந்து போவார்களாம். லோடு வண்டி அங்கே நிற்க முடியாது. நின்றால் பின்னால் வருகிறவன் நம் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவான். அப்பா ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

நோய் வந்த பிறகு அவர் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. “அங்க ஒரு தடவை இறங்கி நடக்கணும்.”

டாக்டரிடம் கேட்டேன். “கூட்டிட்டுப் போங்க. ஆனா உடம்பு குளிர விடாதீங்க. சளி பிடிச்சா அடுத்த சுற்று மருந்தை ஏத்த முடியாது” என்றார். அடுத்த சுற்று முடிந்த பிறகு கூட்டிப் போனால் என்ன என்று கேட்டேன். அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். “இப்பவே போயிட்டு வந்துடுங்க” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வம்சத்தில் ஆஸ்பத்திரித் தாளைப் படித்துப் புரிந்துகொள்ளும் முதல் ஆள் நான். படித்ததற்குக் கிடைத்த பலன் இதுதான்: வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டு, சோற்றைப் பிசைந்து தின்னவும் வேண்டும்.

ஒரு ஜாக்கெட்டைப் பிடித்துவிட்டேன். கடை, அம்மா சமையல் வேலை பார்க்கும் பள்ளி விடுதிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. “மீடியம்னு சொல்லி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், வரும்போது வாங்கிட்டு வந்துடும்மா” என்று போனில் சொன்னேன். அங்கேதான் தப்பு.

எங்கள் வீட்டில் அப்பாவின் துணியை அப்பா வாங்கியதே இல்லை. அவர் எப்போதும் ரோட்டில் இருப்பார். அம்மாதான் கடைக்குப் போவாள், ஆளில்லாமலேயே அளவு சொல்வாள், வாங்கி வந்து ஆணியில் மாட்டுவாள். அவர் வந்து, குளித்து, ஆணியில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த லோடுக்குப் போய்விடுவார். ஒரு தடவைகூட இறுக்கம், தொளதொளப்பு என்று எதுவும் வந்ததில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு கர்வம். அவள் வாழ்க்கையில் யாராவது மார்க் போட்டிருந்தால், அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள்.

நான் வேலை முடிந்து வந்தபோது அப்பா கூடத்தின் நடுவில் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கைகளைக் காணவில்லை. தோள் முழங்கை வரை இறங்கிக் கிடந்தது. அவரோடு வண்டி ஓட்டிய சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. ஆனால் சொந்தச் சித்தப்பாக்கள் எட்டிப் பார்க்காத நாளிலும் வருகிறவர். தொண்டை அப்படி. அதனால் லாரிக்காரர்கள் வைத்த பெயர் ஹாரன். அப்பாவுக்கு டேங்கர். அந்த உடம்புக்கு வேறு பெயர் வைத்திருக்கவும் முடியாது.

“அண்ணே, தார்ப்பாய் போட்டு மூடுன லோடு மாதிரியே இருக்கீங்க” என்றார் ஹாரன் சித்தப்பா.

“கயிறு கட்டாத லோடுடா. காத்தடிச்சா பறந்துடுவேன்” என்றார் அப்பா. பிறகு அம்மாவைப் பார்த்து, “இதுல இன்னொரு ஆளுக்கு இடமிருக்கு. நீயும் உள்ள வாயேன்” என்றார்.

“சும்மா இருங்க, பொண்ணு நிக்கிறா” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “மீடியம்னு சொன்னேன்லம்மா?”

“அந்தக் கடைப் பொண்ணும் மீடியம்தான் எடுத்து வச்சிருந்துச்சு. நான்தான் மாத்தி வாங்கினேன்.”

“ஏன்?”

“ஏனா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அவருக்கு நான்தான் துணி எடுக்கிறேன். அவர் சைஸு டபுள் எக்ஸெல். நேத்து முளைச்ச நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

“அம்மா, ஜாக்கெட் தானா சூடு தராது. அது அடுப்பு இல்ல, மூடி. உள்ள இருக்கிற சூட்டை வெளிய போகாம வச்சுக்கும், அவ்வளவுதான். இப்படி கூடாரம் மாதிரி இருந்தா கீழ வழியா குளிர் காத்து போய் வந்துட்டு இருக்கும். அவர் உடம்புல சூடே கொஞ்சம்தான் இருக்கு.”

“உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட்டா நிறைஞ்சிடும்.”

“கனம் தாங்க மாட்டாரு. குழாய் வச்ச இடம் அழுத்தும்.”

“அப்ப இப்போதைக்கு இடுப்புல ஒரு கயிறு கட்டிக்கட்டும். ஒழுங்கா ரெண்டு மாசம் சாப்பிட்டாருன்னா பழையபடி ஆயிடுவாரு. அன்னிக்கு உன் மீடியத்தை யார் போடுறது? நீயா?”

“அப்பா இனிமே பருக்க மாட்டாரும்மா.”

சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் போனை எடுத்து, ‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்று நாள் முழுக்கச் சொல்கிறேனே, அதே குரலில் சொல்லிவிட்டேன்.

அம்மா கையிலிருந்த காலிப் பையை நான்காக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். ஹாரன் சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்பா மட்டும் ஜிப்பை மேலே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கைவிரல் நுனிகள் மரத்துப்போயிருப்பதால் ஜிப் அவருக்குப் பிடிபடாது.

“பாத்தியாடா ஹாரனு” என்றார், தலையைத் தூக்காமல். “டாக்டர் இத்தனை நாளா மென்னு முழுங்கினதை என் பொண்ணு ஒரே மூச்சுல சொல்லிட்டா. சும்மாவா காலேஜுக்கு அனுப்பினேன்.”

ஹாரன் சித்தப்பாகூடச் சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. கோபம் இருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து ‘தேறிடுவாரு, தேறிடுவாரு’ என்று பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பழத்தைக்கூட அவரால் விழுங்க முடியாது. நாங்கள்தான் தின்று தீர்க்கிறோம். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். நான் ஒருத்தி மட்டும் கீழே நின்று, ‘கிளை முறியப் போகுது, இறங்கு’ என்று கத்த வேண்டியிருக்கிறது. கத்துகிறவளை யாருக்குப் பிடிக்கும்?

“மாத்தணும்னா நீயே கூட்டிட்டுப் போய் மாத்து” என்றாள் அம்மா. “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

மறுநாள் காலை ஹாரன் சித்தப்பா தன் சின்ன வேனில் எங்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே ஒரு சுவர் முழுக்க பூட்ஸ். நடுவில் ஒரு கூடாரம் போட்டு, அதற்குள் துணிப் பொம்மை ஒன்றைப் படுக்க வைத்திருந்தார்கள். அப்பா குனிந்து அதைப் பார்த்து, “இவன் நல்லாத் தூங்குறான், வேலைவெட்டி இல்லாதவன்” என்றார்.

கடைப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மீடியத்தை மாட்டிவிட்டாள். ஜிப்பை ஏற்றிவிட்டு மார்புப் பக்கம் பிடித்துப் பார்த்தேன். என் முஷ்டி இரண்டும் உள்ளே போயின. ஸ்மால் எடுத்து வந்தாள். தோள் தையல் இன்னும் கைப்பக்கம் சரிந்தது. அக்குள் ஊதிக்கொண்டு நின்றது. இதற்குக் கீழே ஆண்கள் அளவில் இல்லை.

அவள் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மாடியில பசங்க செக்‌ஷன்ல இதே மாடல் இருக்கு. இதே துணி, இதே இழை. பதினாலு வயசு சைஸ். சாருக்கு அது கரெக்டா உக்காரும். இதைவிட லேசாவும் இருக்கும்.”

“எங்கப்பாவைப் பாத்தா உனக்குச் சின்னப் பையனாத் தெரியுதா?” என்று கேட்டேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “சிமெண்ட் மூட்டையை இந்தத் தோள்ல ஒண்ணு அந்தத் தோள்ல ஒண்ணு போட்டுட்டு நடந்தவரு அவரு. தெரியுமா?”

“சாரி மேடம்.” அவள் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

“ஏன் அந்தப் பிள்ளைகிட்ட குரைக்கிற?” என்று அப்பா வந்து நின்றார். காது மட்டும் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. “நீ எடுத்துட்டு வாம்மா. பதினாலு வயசுல எனக்கு யாரும் புதுசு வாங்கித் தரலை. இப்ப போட்டுக்கிறேன்.”

ஆரஞ்சிலும் கருநீலத்திலும் கொண்டுவந்தாள். அவர் ஆரஞ்சைத் தொட்டார். “ரோட்டோரம் நிக்கும்போது வண்டிக்காரன் கண்ணுல படணும்.” அதை வாங்கிக்கொண்டு, மாட்டிப் பார்க்கும் அறை எங்கே என்று கேட்டார். வெளியிலேயே போட்டுப் பார்க்கலாம் என்றேன். “எல்லாரும் உள்ள போய்த்தானே பாக்கிறாங்க. நானும் போய்ப் பாக்கிறேன்” என்றார். வாழ்க்கையில் அவர் அப்படி ஒரு அறைக்குள் போவது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இருப்பது ஜன்னல் கம்பியில் தொங்கும் சவரக் கண்ணாடி. கன்னம் தெரியும், மிஞ்சினால் கழுத்து தெரியும். அந்த அறைக்குள் மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி. அது எனக்கு உறைத்தபோது கதவு சாத்தி நேரமாகியிருந்தது.

“அப்பா?”

கதவைத் தட்டினேன்.

“அப்பா, ஜிப் போட வரலையா? நான் வரட்டுமா?”

“இரும்மா” என்றது குரல். அந்தக் குரலும் சிகிச்சையில் தேய்ந்து, ஆண் குரலா பையன் குரலா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. “இங்க ஏற்கெனவே ஒருத்தன் நின்னுட்டு இருக்கான். யாருன்னு விசாரிச்சுட்டு வர்றேன்.”

சிரித்தேன். சிரிக்கட்டும் என்றுதானே சொன்னார். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். கடைப் பெண், நான் அவ்வளவு கத்திய பிறகும், ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே வந்தபோது அப்பா முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்திருந்தார். ஜாக்கெட் அவர்மேல் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. தோள் தோளில் நின்றது. கையைத் தூக்கச் சொன்னேன், இடுப்பு மேலே ஏறவில்லை. குழாய் வைத்த இடத்தைத் தொட்டு, “இங்க?” என்றேன். “ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கு” என்றார். மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் வெளியே தெரிந்தது. பெரிய எலும்பு. பழைய ஆளில் மிச்சம் அது ஒன்றுதான்.

எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பெண் டபுள் எக்ஸெல்லைத் தட்டி உதறிக் கம்பியில் மாட்டினாள். யாரோ ஒரு பெரிய உடம்புக்காரன் வருவான், ஒரே மாட்டலில் பொருந்தும், விசிலடித்துக்கொண்டு வாங்கிப் போவான். அவன் யாரோ எவனோ. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

வேனில் வரும்போதே கழுத்துப் பட்டையில் ‘14’ என்று தைத்திருந்த துண்டை நகவெட்டியால் வெட்டி வெளியே எறிந்தேன். வீட்டில் அம்மா அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். எந்த அளவு என்று கேட்கவில்லை. கண்ணாலேயே அளவெடுக்கத் தெரிந்தவள், கேட்பானேன்? “ஆரஞ்சு உங்களுக்கு எடுப்பா இல்லை” என்றாள். உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கொட்டிக் கழுவினாள். கழுவி வைத்திருந்தவற்றையும் சேர்த்துக் கழுவினாள்.

கணவாய்க்கு வரவில்லை, வரவில்லை என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். கிளம்பும் நாளன்று நாங்கள் அப்பாவைக் கைத்தாங்கலாக வேனுக்குக் கூட்டிவந்தபோது முன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சாவி மடியில். ஹாரன் சித்தப்பா, “அண்ணி, சீட் பெல்ட்டு” என்றார்.

உச்சியில் ரோடு கொஞ்சம் அகலமாகும் இடத்தில் வேனை ஒதுக்கினார். இரண்டு பக்கமும் பனிக்குவியல், ஓரம் கறுத்து, சேறும் டீசலும் பூசிக் கிடந்தது. மேலே மட்டும் வெள்ளை. மூட்டம் தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் தலைமேல் ஜாக்கெட்டின் முக்காட்டை இழுத்துவிட்டு, கழுத்து வரை ஜிப்பை ஏற்றினேன். அம்மா இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டாள்.

நடந்தார். அக்குளில் கை கொடுத்தேன். “கையை எடு, நான் என்ன திருடனா, பிடிச்சுட்டுப் போறே” என்றார். எடுத்தேன். ஒவ்வொரு அடியையும் கியர் மாற்றுவதுபோல நிதானமாக வைத்தார். ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்துக்கு வந்ததும் நின்றார். நான் என் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் முக்காட்டுக்குள் கைவிட்டு பிடரியைத் தொட்டேன். சூடாக இருந்தது. ஜாக்கெட்டின் வெளிப்பக்கம் முழுக்க நீர்முத்துகள். உள்ளே வெதுவெதுவென்று அப்பா இருந்தார். எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், எதிலும் அப்படி ஒரு நிம்மதி கிடைத்ததில்லை.

“எப்படிப்பா இருக்கு?”

அவர் முகட்டைப் பார்த்தார். “வண்டியிலேருந்து பாக்கும்போது இன்னும் நல்லா இருந்துச்சு.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “இதுக்கா இவ்வளவு தூரம்?”

“கோவிச்சுக்காதடி. அப்பல்லாம் இந்த இடம் வந்தா ஏத்தம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இனி இறக்கம்தான். இறங்கினா வீடு. உங்கம்மா சோறு வச்சிருப்பா, நீ தூங்காம இருப்பே. அதனால அழகாத் தெரிஞ்சிருக்கு போல.” பிறகு வேன் பக்கம் தாடையை ஆட்டினார். “அவளை இறங்கி வரச் சொல்லு.”

நான் போய்க் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அம்மாவே வந்துகொண்டிருந்தாள், ஹாரன் சித்தப்பா பின்னால். வந்தவள் அப்பாவின் கையை எடுத்து, ஜாக்கெட் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டாள். அது மறுபடி மேலே ஏறிக்கொண்டது.

“கை பத்தலை” என்றாள்.

“கை மட்டும்தான் பத்தலை” என்றார் அப்பா.

அவள் தன் சால்வையின் ஓரத்தை அந்த மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நாலு பேரும் முகட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கீழேயிருந்து லோடு வண்டி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. எங்களைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை நீண்டது.

“டேய் ஹாரனு! இங்க என்னடா வேலை உனக்கு? பிக்னிக்கா?”

“சும்மா… சும்மாதாண்ணே” என்றார் ஹாரன் சித்தப்பா. அவர் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

“டேங்கரு எப்படி இருக்காரு? ஆஸ்பத்திரின்னு சொன்னாங்களே.” வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவரின் கண், முதுகைக் காட்டி நின்ற ஆரஞ்சு ஜாக்கெட்டில் விழுந்தது. “யாருடா அது, டேங்கரோட பையனா? நிக்கிறதைப் பாரேன், அச்சு அசல் அப்பனேதான்!”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது, நல்லதாக இருந்திருக்காது. அம்மாவின் மற்றொரு கை வந்து என் முழங்கையை நறுக்கென்று பிடித்தது.

அப்பா திரும்பவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து தேய்ந்த குரலில், “ஆமாண்ணே” என்றார்.

“அப்பா வரலையாப்பா?”

“வீட்ல இருக்காரு. தூங்குறாரு.”

“தூங்கட்டும், தூங்கட்டும். நான் கேட்டேன்னு சொல்லு. அவரு இல்லாம இந்த ரோடு ரோடாவே இல்லைன்னு சொல்லு.”

“சொல்றேண்ணே.”

வண்டி எங்களைத் தாண்டியது. அவன் போகிற போக்கில் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். வளைவு வந்தது, பின்விளக்கு மூட்டத்தில் சிவப்பாகக் கரைந்தது, அதுவும் போனது. இறக்கத்தில் பிரேக் போடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. காற்று மட்டும்தான்.

“போயிட்டானா?” என்று கேட்டார் அப்பா, முகட்டைப் பார்த்தபடியே.

அம்மாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்க அவளிடம் கை இல்லை. ஒன்று அவரிடம் இருந்தது, ஒன்று என்னிடம்.

“இன்னும் போகலை, அங்கயேதான் நிக்கிறான்” என்றாள். “திரும்பாதீங்க.”

லாரிச் சத்தம் தெரியாதவரா அப்பா? திரும்பாமலேயே நின்றார்.